கவுன்சிலர் இல்லாத பள்ளியிலிருந்து காமன் ஆப்

ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் என்ற இணையதளத்தில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது, கட்டுரையைவிட என்னைப் படுத்தியது 'கவுன்சிலர்', அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர், பகுதிதான். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பதவியே கிடையாது. அந்த இடத்தில் தலைமை ஆசிரியர் இருக்கலாம் என்று தெரிந்ததும், சரி என்று அவர் மின்னஞ்சலுக்கே அழைப்பு அனுப்பினேன்.

அடுத்தது மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கேட்கிறார்கள். நம்மிடம் பொதுத்தேர்வுச் சான்றிதழ் பத்தாம் வகுப்பிலிருந்துதான். பள்ளி அலுவலகத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதுவரை வந்த மதிப்பெண்களை ஒரே தாளில் தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, தலைமை ஆசிரியரே பதிவேற்றினார். சதவீதத்தை நாமாக அமெரிக்கப் பள்ளிகளின் 4.0 கணக்குக்கு மாற்றத் தேவையில்லை. அளவாக 100 என்றே தேர்ந்தெடுக்கலாம்.

அரையாண்டு மதிப்பெண் வந்ததும் மிட் இயர் ரிப்போர்ட் என்று இன்னொன்றும் தலைமை ஆசிரியர்தான் அனுப்ப வேண்டும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.