திருவருகைக் காலத்துக்கு ஏழு சிறு ஓவியங்கள்

ஒரு தாளை எட்டாக மடித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களில், டிசம்பர் 17 முதல் 23 வரை, தினமும் ஒரு கட்டத்தில் ஒரு சின்னம் வரைந்துகொண்டே செபியுங்கள். எதை வரைவது என்று தேட வேண்டாம். அந்த ஏழு நாளும் திருச்சபையின் மாலை செபமான மாலைப் புகழில் கிறிஸ்துவை அழைக்கும் ஏழு பெயர்கள் வரிசையாக இருக்கின்றன: ஞானம், தலைவர், ஈசாயின் (தாவீதின் தந்தை) வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். எட்டாவது கட்டம் 24-ஆம் தேதிக்கு. அதை வெறுமையாகவே விடுங்கள், காத்திருப்பின் இடமாக.

கைக்கு வேலை இருந்தால் மனம் அலைவது குறைகிறது. பத்து நிமிடம் போதும். 20-ஆம் தேதி திறவுகோலின் பற்களை ஒவ்வொன்றாக வரையும்போது, 'ஆண்டவரே, எனக்குள் பூட்டிக் கிடப்பது எது?' என்ற கேள்வி தானாக வரும். அதுதான் அன்றைய செபம். வசனம் வேண்டுமென்றால் எசாயா 22:22 படியுங்கள். வேருக்கு எசாயா 11:1, விடியலுக்கு லூக்கா 1:78.

படம் அழகாக வரவில்லையே என்று அழித்து அழித்து வரையத் தொடங்கினால் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள். கவனம் செபத்தை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். வரைவதே பாரமாக இருப்பவர்கள் அந்தப் பெயரை மட்டும் நிதானமாகப் பெரிய எழுத்தில் எழுதலாம். திருப்பலிக்கோ குடும்ப செபத்துக்கோ இது மாற்று அல்ல, தனியாக இருக்கும் நேரத்துக்கானது.