பிரிட்டனில் பேரோல் ஆண்டுக் கணக்கை முடிப்பது எப்படி: கடைசிச் சம்பளத்திலிருந்து பி60 வரை

பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி பிறந்து அடுத்த ஏப்ரல் 5-ஆம் தேதி முடிகிறது. நமக்குச் சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது இங்கே கணக்குப் புத்தாண்டு வந்துவிடும். ஏன் இப்படி ஒரு தேதி என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 1752-இல் பிரிட்டன் பழைய நாட்காட்டியை விட்டபோது 11 நாட்கள் கழிந்துபோயின. அதனால்தான் மார்ச் 25-ஐ ஒட்டி இருந்த கணக்கு ஆண்டு ஏப்ரலுக்கு நகர்ந்தது.

ஐந்து பேர், எட்டுப் பேர் வேலை செய்யும் மளிகைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நான் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். முதல் முறையாக இந்த வேலையைக் கையில் எடுப்பவருக்காக இதை எழுதுகிறேன். பி60 என்பது ஒருவர் அந்த ஆண்டு வாங்கிய சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்று. உதாரணங்கள் எல்லாம் 2025-26 வரி ஆண்டுக்கானவை.

கடைசிச் சம்பளத்துக்கு முன்பு: பெயர், பிறந்த தேதி, என்ஐ எண்

மென்பொருளைத் திறந்ததும் சம்பளத் தொகைக்குப் போகாதீர்கள். முதலில் ஆட்களைப் பாருங்கள். ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, நேஷனல் இன்சூரன்ஸ் (என்ஐ, அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் காப்பீடு) எண் ஆகியவற்றை அவர்கள் தந்த ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். என்ஐ எண்ணில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். அந்த ஆறு இலக்கத்தில் இரண்டு இடம் மாறினாலும் மென்பொருள் எப்போதும் எச்சரிக்காது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த அக்கா ஒருவருக்கு மூன்று வருடம் என்ஐ எண் தவறாகவே போயிருந்தது. மாதாமாதம் அவர் சம்பளத்தில் பணம் பிடித்தார்கள். அது அவர் பெயரில் ஏறவில்லை. அரசு ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று அவர் மகள் இணையத்தில் பார்த்தபோதுதான் மூன்று வருடம் வெற்றாகக் கிடப்பது தெரிந்தது. முழு ஓய்வூதியத்துக்கு 35 தகுதி வருடங்கள் வேண்டும் என்கிற நாட்டில் மூன்று வருடம் சிறிய இழப்பா? நல்லவேளையாக அக்கா எல்லா பி60-களையும் பேஸ்லிப்புகளையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைக் காட்டித்தான் கணக்கைத் திருத்த முடிந்தது.

ஆள் விவரத்தைப் பார்க்கும்போதே, வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் பட்டியலில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். போனவருக்குக் கடைசி நாளைப் பதிந்து பி45 (வேலையை விடுபவருக்கு அதுவரையான சம்பளத்தையும் வரியையும் காட்டித் தரும் தாள்) கொடுத்திருக்க வேண்டும். ஏப்ரல் 5-ஆம் தேதி வேலையில் இருப்பவருக்கு மட்டும்தான் பி60. இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே வேலைக்குப் போனால் அடுத்த வருடம் முழுக்கக் குழப்பம்.

எந்தத் தேதியைப் போடுவது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 2026-இல் ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு. 3-ஆம் தேதி புனித வெள்ளி, 6-ஆம் தேதி ஈஸ்டர் திங்கள், இரண்டும் வங்கி விடுமுறை. திங்கட்கிழமைதோறும் வாரச் சம்பளம் கொடுக்கும் கடைக்காரர் விடுமுறையை நினைத்து 2-ஆம் தேதி வியாழனே பணத்தைப் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் பழைய ஆண்டில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அது புதிய ஆண்டின் சம்பளம்தான். வழக்கமான சம்பள நாள் விடுமுறையில் விழுந்து அதற்காக முன்கூட்டியே கொடுத்தால், எச்எம்ஆர்சி என்ற பிரிட்டன் வரித்துறைக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த வழக்கமான தேதியையே, அதாவது ஏப்ரல் 6-ஐயே, போட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று 53-ஆம் வாரம். வாரச் சம்பளம் கொடுப்பவரின் சம்பள நாள் ஏப்ரல் 5 அன்றே வந்தால் அந்த ஆண்டில் 53 சம்பளம் ஆகிவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகவே இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 52 வாரச் சம்பளத்தை எதிர்பார்த்த ஊழியர் தன் ஆண்டுத் தொகையைப் பார்த்துத் திகைப்பார். அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி எஃப்பிஎஸ்

ஒவ்வொரு முறை சம்பளம் கொடுக்கும்போதும் எச்எம்ஆர்சிக்குப் போகும் அறிக்கைதான் எஃப்பிஎஸ். ஆண்டின் கடைசி எஃப்பிஎஸ்ஸைச் சம்பள நாளன்றோ அதற்கு முன்போ அனுப்ப வேண்டும். அனுப்பும்போது "இந்த ஆண்டின் இறுதி அறிக்கை" என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். ஒரு கடைக்கு ஒரே பேயி (சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை) எண்ணில் வாரச் சம்பளமும் மாதச் சம்பளமும் இருந்தால், எல்லாவற்றிலும் கடைசியாகப் போகும் அறிக்கையில் மட்டும் குறி.

குறி போட மறந்துவிட்டதா? பயப்பட வேண்டாம். ஏப்ரல் 19-க்குள் இபிஎஸ் என்ற, முதலாளி கட்ட வேண்டிய தொகை பற்றிய அறிக்கையில் இறுதி என்று குறித்து அனுப்பலாம். கடைசி மாதத்தில் யாருக்கும் சம்பளமே கொடுக்கவில்லை என்றாலும் இபிஎஸ்தான் வழி.

அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று கணக்கை அருகருகே வைத்துப் பாருங்கள். மென்பொருள் காட்டும் ஆண்டு மொத்தம் ஒன்று. எச்எம்ஆர்சியின் இணையக் கணக்கில் நீங்கள் கட்ட வேண்டியதாகக் காட்டும் தொகை இரண்டு. வங்கியிலிருந்து உண்மையில் போன பணம் மூன்று. மூன்றும் பொருந்தாவிட்டால் காரணம் கிடைக்கும்வரை இறுதிக் குறியைத் தொடாதீர்கள். ஒரே அறிக்கை இரண்டு முறை போயிருக்கலாம். மகப்பேற்று விடுப்புச் சம்பளத்தில் திரும்பப் பெற வேண்டிய தொகையை இபிஎஸ்ஸில் கேட்காமல் விட்டிருக்கலாம். சிறிய கடைகளில் நான் அடிக்கடி பார்ப்பது எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸைக் கேட்க மறப்பதைத்தான். 2025-26-இல் முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸில் 10,500 பவுண்டு வரை அதனால் குறையும். ஒரே ஓர் இயக்குநர் மட்டும் சம்பளம் வாங்கும் நிறுவனத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. மற்றவர்களும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கேட்க வேண்டும்.

கடைசி மாதத்துக்கான பணத்தை இணையவழியில் கட்டினால் ஏப்ரல் 22, காசோலையை அஞ்சலில் அனுப்பினால் 19.

புது ஆண்டைத் திறப்பது

மென்பொருளைப் புதுப்பித்த பிறகே முதல் சம்பளத்தை ஓட்டுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு எச்எம்ஆர்சியே பேசிக் பேயி டூல்ஸ் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. தொடக்கத்துக்கு அது போதும்.

வரிக் குறியீடுகளில் ஒரு வேலை உண்டு. 1257எல் என்றால் 12,570 பவுண்டு வரை வரி இல்லை என்று பொருள். 2021-22 முதல் இந்தத் தொகை மாறவில்லை. குறியீட்டுக்குப் பின்னால் டபிள்யூ1 அல்லது எம்1 (அந்த வாரத்தை அல்லது மாதத்தை மட்டும் தனியாக வைத்து வரி கணக்கிடச் சொல்லும் குறி) என்று ஒட்டியிருந்தால் புது ஆண்டில் அந்த ஒட்டை நீக்கிவிட வேண்டும். எச்எம்ஆர்சி தனியாக ஒருவருக்குப் புதுக் குறியீடு அனுப்பியிருந்தால் அதைப் போடுங்கள். ஊழியர் வந்து "என் வரிக் குறியீட்டை மாற்றிவிடுங்கள்" என்று கேட்டால் நீங்களாக மாற்றாதீர்கள். அவர் எச்எம்ஆர்சியிடம்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 1 முதல் குறைந்தபட்ச ஊதியமும் கூடியிருக்கும். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2026 ஏப்ரலில் மணிக்கு 12.21-லிருந்து 12.71 பவுண்டு ஆகிறது. இதைத் தாமதப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.

ஜூலை வேலை, சுருக்கமாக

கம்பெனி கார், தனியார் மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகள் கொடுத்து, அவற்றுக்கான வரியைச் சம்பளத்திலேயே பிடிக்காமல் இருந்தால், ஜூலை 6-க்குள் அவற்றை அறிவிக்கும் பி11டி, பி11டி(பி) படிவங்கள் எச்எம்ஆர்சிக்கு இணையவழியில் போக வேண்டும். ஊழியருக்கும் ஒரு பிரதி. அதற்காக முதலாளி கட்டும் கிளாஸ் 1ஏ நேஷனல் இன்சூரன்ஸ் தொகையை ஜூலை 22-க்குள் கட்டுங்கள். சலுகையே கொடுக்காத சிறு கடைகளுக்கு இது பொதுவாகத் தேவைப்படாது.

பி60: கொடுப்பதற்கு முன் படியுங்கள்

மே 31-க்குள் ஒவ்வொருவர் கையிலும் பி60 இருக்க வேண்டும். தாளிலும் தரலாம், மின்னஞ்சலிலும் தரலாம். வீட்டுக் கடனுக்கும், வரியைத் திரும்பக் கேட்பதற்கும், சில விசா விண்ணப்பங்களுக்கும் மக்கள் தேடி ஓடுவது இந்த ஒரு தாளைத்தான். அச்சடித்து உறையில் போடுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது.

மாதம் 2,500 பவுண்டு, ஆண்டுக்கு 30,000 வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வரிக் குறியீடு 1257எல், ஓய்வூதியப் பிடித்தம் எதுவும் இல்லை. 30,000-இல் 12,570-ஐக் கழித்தால் 17,430. அதில் 20 சதவீதம் 3,486. பி60-இல் 3,484 என்று இருக்கும். 1257எல் குறியீடு 12,579 வரை விலக்குத் தரும், மிச்சச் சில்லறையையும் கணக்கில் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டு பவுண்டு வித்தியாசம் தவறல்ல. இருநூறு பவுண்டு வித்தியாசம் வந்தால் விசாரியுங்கள்.

நேஷனல் இன்சூரன்ஸ் மாதாமாதம் தனித்தனியாகக் கணக்கிடப்படும். மாதம் 1,048 வரை பிடித்தம் இல்லை என்பதால் 2,500-இல் அதைக் கழித்தால் 1,452, அதில் 8 சதவீதம் 116.16. பன்னிரண்டு மாதத்துக்கு 1,393.92. பி60-இன் நேஷனல் இன்சூரன்ஸ் பகுதியில் சம்பளத்தை மூன்று கட்டமாகப் பிரித்து எழுதியிருப்பார்கள்: 6,504, 6,072, 17,424. பார்த்ததும் மிரளத் தோன்றும். கூட்டிப் பாருங்கள், சரியாக 30,000 வரும். ஆண்டுக்கு 50,270-க்குள் வாங்குபவருக்குச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒரு மாதம் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ சம்பளம் வாங்கியிருந்தால் மட்டும் கூட்டல் சற்று விலகும்.

"என் சம்பளத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று ஒருவர் கோபத்தோடு வரலாம். முதலில் ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். வரி கணக்கிடுவதற்கு முன்பே பங்களிப்பைக் கழிக்கும் திட்டமாக இருந்தால் பி60-இன் சம்பளத் தொகை அந்த அளவு குறைந்துதான் இருக்கும், நேஷனல் இன்சூரன்ஸ் கட்டங்கள் மட்டும் கழிக்காத தொகையைக் காட்டும். வரி போன பிறகு பிடிக்கும் திட்டமென்றால் குறையக் கூடாது. இதைப் பொறுமையாக உட்கார்ந்து விளக்குங்கள். தன் உழைப்புக்கான கணக்கைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

தவறு இருந்தால்

திருத்திய ஆண்டு மொத்தங்களோடு அந்த ஆண்டுக்கே இன்னொரு எஃப்பிஎஸ் அனுப்புங்கள். வித்தியாசத்தை மட்டும் எழுதக் கூடாது, முழு ஆண்டுத் தொகையை எழுத வேண்டும். குறைவாகப் பிடித்திருந்தால் மீதியைக் கட்டுங்கள். பிறகு ஊழியருக்குப் புது பி60 கொடுத்து, அதன் மேல் "மாற்றுப் பிரதி" என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் குறியுங்கள். மாற்றத்தை உறுதிசெய்யும் கடிதமும் தரலாம்.

முதலாளி பேரோல் ஆவணங்களை அந்த வரி ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஊழியரிடம் பி60-ஐக் கொடுக்கும்போது மட்டும், இதை ஓய்வு பெறும்வரை எறிய வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.