ரேண்டமா நாலு பேரைக் கேட்டேன்: உளவியல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித மனதைத் தெரிந்துகொள்ளலாம் என்று உளவியலில் சேருகிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஆய்வுமுறை, புள்ளியியல் என்று ஒரு தாள் வந்து நிற்கும். கணக்கு என்றதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளைப் படித்ததில் எனக்குத் தெரிந்தது, கணக்கில் சறுக்குகிறவர்கள் குறைவு. அதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. சறுக்குவதெல்லாம் சொற்களில். பேச்சில் ஒரு பொருள், ஆய்வில் வேறு பொருள் என்று இருக்கும் சில சொற்கள் காலை வாரிவிடுகின்றன.

முதலில் ‘ரேண்டம்’. கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயார் செய்து, நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு, “ரேண்டம் சாம்ப்ளிங் முறையில் 120 பேரிடம் தரவு திரட்டப்பட்டது” என்று எழுதிவிடுகிறார்கள். “ரேண்டமா நாலு பேரைக் கேட்டேன்” என்று பேசும்போது அந்தச் சொல்லுக்கு ‘கையில் கிடைத்தவர்கள்’ என்று பொருள். ஆய்வில் அது நேர் எதிர். நம் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தேர்வாக ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். உங்கள் குழுக்களில் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு பூஜ்யம்.

‘நிறைய பேரைக் கேட்டால் சரியாகிவிடும்’ என்பதும் நடக்காது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது கணிப்பு. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டார். முகவரிகளைத் தொலைபேசி, கார் வைத்திருப்பவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். போதாததற்கு, அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இருக்கவில்லை. அதைவிட மிகச் சிறிய மாதிரியை (கேட்பதற்காகத் தேர்ந்தெடுத்த கூட்டத்தை) வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் எடுத்தால் ‘கைக்கெட்டிய மாதிரி’ என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இதே சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிடைத்த 60 பேரை இரண்டு குழுவாகப் பிரிக்கும்போது யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. மாதிரி எடுப்பதும் குழு பிரிப்பதும் வேறு வேறு. முதலாவது சரியாக இருந்தால் முடிவை ஊருக்கெல்லாம் பொருத்தலாம். இரண்டாவது சரியாக இருந்தால்தான் ‘இதனால் இது’ என்று சொல்லலாம். முதலில் வந்த 30 பேரை ஒரு குழு, தாமதமாக வந்தவர்களை இன்னொரு குழு என்று வைத்தால் உங்கள் சோதனையில் நேரம் தவறாமையும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் ஒட்டுறவு (கோரிலேஷன்), அதாவது இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறுவது. ‘ஒட்டுறவு காரணமாகாது’ என்ற வரியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், அடுத்த பக்கத்திலேயே மறந்தும்விடுகிறார்கள். மார்ஷ்மெல்லோ ஆய்வு நல்ல உதாரணம். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் சிறு பிள்ளைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்விலும் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள். 1990-இல் வெளியான அந்தக் கணக்கில் இருந்தவர்கள் 40 பேர்கூட இல்லை. உடனே ‘பொறுமையைப் பழக்கினால் பிள்ளை முன்னேறும்’ என்று பேச்சாளர்கள் கிளம்பிவிட்டார்கள். 2018-இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயதுத் திறன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் மிச்சத்திலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சொன்ன பொருள் சொன்னபடி கிடைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் காத்திருப்பது சுலபம்தானே.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது ‘சிக்னிஃபிகன்ட்’. பி-மதிப்பு என்ற எண் வழக்கமாக 0.05-க்குக் கீழே வந்தால் முடிவுக்கு ஆய்வில் ஒட்டும் பெயர் இது. பி-மதிப்பு 0.03 என்று வந்ததும் “நம் கருதுகோள் உண்மையாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு” என்று எழுதுகிறார்கள். பாடநூல் எழுதுகிறவர்களே தடுக்கி விழும் இடம் இது. 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். அங்கே வேலை பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர் இதை ஒரு சோதனையாக வடிவமைத்தார்: 8 கோப்பைகள், 4 இப்படி, 4 அப்படி. குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகப் பிரிக்க வாய்ப்பு 70-இல் 1, அதாவது சுமார் 0.014. பி-மதிப்பு என்பது இவ்வளவுதான்: திறமை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், இப்படி ஒரு விடையோ இதையும் மிஞ்சும் விடையோ வர எவ்வளவு வாய்ப்பு?

சரி, அந்தப் பெண்மணிக்குப் பதில் ஒரு கிளி ஜோசியரின் கிளியை உட்கார வைப்போம். எட்டையும் அது சரியாகப் பிரித்துவிட்டது. பி-மதிப்பு அதே 0.014. கிளிக்குத் தேநீர் ருசி தெரிய 98.6 விழுக்காடு வாய்ப்பு என்று நம்புவீர்களா? ‘இன்னொரு தடவை செய்யச் சொல்லு’ என்பீர்கள். அதைத்தான் உளவியல் உலகமும் செய்தது. வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் 97 விழுக்காடு ஆய்வுகளில் சிக்னிஃபிகன்ட் என்று வந்தது, இரண்டாம் தடவை 36 விழுக்காட்டில்தான் வந்தது.

இதற்கு ஒரு காரணம் தோண்டிக்கொண்டே இருப்பது. எந்தத் தொடர்பும் இல்லாத தரவில் தனித்தனியாக 20 ஒப்பீடுகள் செய்தால், ஏதாவது ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழ 64 விழுக்காடு வாய்ப்பு. அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மீதி 19-ஐ மறைப்பது பொய்க்கணக்கு. எதைச் சோதிக்கப்போகிறோம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

சிக்னிஃபிகன்ட் என்றால் ‘பெரிது’ என்றும் பொருள் இல்லை. 2014-இல் வெளியான ஃபேஸ்புக் ஆய்வில் 6,89,003 பேரின் பக்கங்களில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துக் காட்டிப் பார்த்தார்கள். முடிவு சிக்னிஃபிகன்ட். மகிழ்ச்சிப் பதிவுகள் குறைந்தவர்கள் எழுதியதில் மகிழ்ச்சிச் சொற்கள் குறைந்த அளவு? ஆயிரம் சொல்லுக்கு ஒன்று. இத்தனை லட்சம் பேரைச் சேர்த்தால் தூசியும் தராசில் தெரியும். பி-மதிப்புக்குப் பக்கத்திலேயே விளைவின் அளவையும் எழுதுங்கள்.

ஆய்வு ஒரு கருதுகோளை ‘நிரூபித்தது’ என்று எழுதாதீர்கள், ‘ஆதரிக்கிறது’ போதும். ஒட்டுறவுக் கெழு, அதாவது தொடர்பின் வலிமையைக் காட்டும் எண், 0.5 என்றால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் 50 விழுக்காட்டுக்கு மற்றதால் விளக்கம் கிடைத்ததாகாது. அதன் வர்க்கம், 25 விழுக்காடுதான் கணக்கு. அந்தக் கெழு பூஜ்யம் என்று வந்தாலும் ‘தொடர்பே இல்லை’ என்று முடித்துவிட வேண்டாம். பதற்றத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவை எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றமே இல்லாதவர் படிக்கமாட்டார், அளவுக்கு மீறினால் படித்தது வராது, நடுவில் இருப்பவர் நன்றாக எழுதுவார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி வளையும் தரவில் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கெழு பூஜ்யத்தில் போய் உட்காரும். கணக்குப் போடும் முன் புள்ளிகளைத் தாளில் குறித்துப் பார்த்திருந்தால், தலைகீழாகக் கவிழ்த்த ‘ப’ ஒன்று பளிச்சென்று தெரிந்திருக்கும்.