எழும் கோபுரத்தைப் பின்தொடர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதியில் எழும் கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் படமெடுத்துக் குறிப்பேட்டில் பதிந்து வருகிறேன். எங்கள் லெனேசியாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அதே வேலையைத் தொடங்கி, அண்மையில் தங்கள் பதிவுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். என் பழைய குறிப்பேட்டை வேறொருவர் கையெழுத்தில் படிப்பது போலிருந்தது. பேட்டரியை மறந்துவிட்டுப் போவது, லென்ஸைத் துடைக்காமல் விடுவது போன்றவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை; அவற்றால் ஒரு நாள் போகும், அவ்வளவே.

விளம்பரத்தில் உள்ள மாடி எண்ணை நம்புதல்

நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூ என்ற கோபுரத்தில் உச்சி வீட்டின் எண் 96. ஆனால் தரைக்கு மேல் உள்ள தளங்கள் 85தான். அதே நகரின் சென்ட்ரல் பார்க் டவர் 472 மீட்டர் உயரமும் 98 தளங்களும் கொண்டது; அதன் மாடி எண்களோ 130ஐத் தாண்டுகின்றன. மாடிக் கணக்கிலிருந்து உயரத்தை ஊகிப்பதும் இதே வகைப் பிழைதான். நம் ஊரில் 1975இல் முடிந்த பான்டே சிட்டிக்கு 54 தளங்கள், 173 மீட்டர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய கார்ல்டன் சென்டருக்கு 50 தளங்கள்தான், ஆனால் 223 மீட்டர். 2019இல் கார்ல்டனை உயரத்தில் முந்திய லியோனார்டோவுக்கு 55 தளங்கள். பான்டேயைவிட ஒரே ஒரு தளம் கூடுதல். உயரத்தில் 50 மீட்டருக்கும் மேல் வேறுபாடு.

உச்சியைப் பார்த்து முன்னேற்றத்தை எண்ணுதல்

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது.

உயர்ந்த கான்கிரீட் கோபுரங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் குழிகளையும் படிக்கட்டுகளையும் சூழ்ந்த நடுச் சுவர்தான் முதலில் ஏறும். அதன் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டை வார்க்கும் அச்சுக் கூண்டு, தானே மேலேறும் வகையைச் சேர்ந்தது. ஒரு மாடி உயரத்துக்குக் கான்கிரீட் இறுகியதும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் அந்தக் கூண்டை அடுத்த மாடிக்குத் தூக்கிவிடும். தளங்கள் அதற்குச் சில மாடிகள் கீழே பின்தொடரும். புதிதாகப் போட்ட தளத்தின் எடையைத் தாங்க அதற்கடியில் உள்ள மாடிகளிலும் முட்டுகள் நிற்கும். கான்கிரீட் உரிய வலுவைப் பெற்ற பின்னரே அவை கழற்றப்படும். கட்டுச் சுவர், குழாய், கண்ணாடி எல்லாம் அதற்கும் கீழே வரும். ஆகவே வானத்தை எதிர்த்துத் தெரியும் உச்சி, கட்டடம் எட்டிய இடமன்று.

சாண்ட்டனில் எழுந்த ஒரு குடியிருப்புக் கோபுரத்தை நான் ஓராண்டுக் காலம் உச்சியைக் கொண்டே எண்ணினேன். உண்மையான தளத்தைவிட ஆறு மாடிகள் கூடுதலாகவே ஒவ்வொரு வாரமும் எழுதிவந்தேன். போதாததற்கு, நடுமாடிகள் ஏறிய வேகத்தைக் கொண்டே மீதியையும் வகுத்தேன். நடுமாடிகள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் வேகமாக ஏறும்; தண்ணீர்த் தொட்டியும் பம்புகளும் அமரும் இயந்திரத் தளமும், உச்சியில் உள்ள இரட்டை உயர வீடுகளும் அப்படியல்ல. அங்கே சென்ட்ரிங்கையே மாற்றியமைக்க வேண்டும். இவை எதையும் கணக்கில் சேர்க்காமல், டிசம்பர் 20க்குள் கடைசித் தளம் போடப்பட்டுவிடும் என்று டர்பனில் உள்ள அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அத்தான் அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர் காரோட்டி வந்தார். மறுநாள் காலை சமோசாப் பொட்டலத்துடன் எல்லோரும் வேலியோரம் போய் நின்றோம். தென்னாப்பிரிக்காவில் கட்டுமானத் தொழில் டிசம்பர் நடுவில் மூடி ஜனவரியில்தான் திறக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகூட அறியும், நானும் அறிவேன். வாயில் பூட்டியிருந்தது. அக்காவின் சின்ன மகன் மட்டும், "மாமா, கிரேன் சுத்துது பாருங்க" என்று மகிழ்ந்தான். கிரேன் சுற்றத்தான் செய்தது. வேலை இல்லாதபோது டவர் கிரேனின் திருப்பும் பிரேக்கை விடுவித்து வைப்பார்கள். காற்று அடிக்கும் திசைக்கு அதன் கை தானே திரும்பிக்கொள்ளும், இல்லையென்றால் காற்றின் முழுவிசையும் கோபுரத்தின்மேல் இறங்கும். கொக்கி மேலே இழுக்கப்பட்டு அசையாமல் இருந்தது. அதைக் கவனித்திருந்தாலே போதும்.

அத்தான் கைவிரலால் மாடிகளைப் பொறுமையாகக் கீழிருந்து எண்ணிவிட்டு, "தம்பி, தளம் போட்டது இதுவரைக்கும்தானே? அதுக்கு மேல வெறும் சுவர்தானே நிக்குது?" என்று கேட்டார். அவர் கட்டடத் தொழிலாளி அல்லர். சர்க்கரை ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்றிலிருந்து நான் மூன்று வரிசைகளில் எழுதுகிறேன்: நடுச் சுவரின் உச்சி, கடைசியாகப் போட்ட தளம், கடைசியாகக் கண்ணாடி மூடிய மாடி. ஒவ்வொன்றையும் நுழைவாயில் கூரை போன்ற மாறாத ஓர் இடத்திலிருந்து மேல்நோக்கி எண்ண வேண்டும். இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையிலான தொலைவு சுருங்கத் தொடங்கும்வரை எவருக்கும் தேதி சொல்ல வேண்டாம்.

ட்ரோன் பறக்கவிடுதல்

வேண்டாம், நம் நாட்டு விதிப்படி மக்களிடமிருந்து 50 மீட்டரும் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டரும் விலகியிருக்க வேண்டும், சாண்ட்டன் தெருவில் முதல் விதியே இடறும்.

இடைவெளியைக் கண்டு வேலை நின்றதென்று எழுதுதல்

432 பார்க் அவென்யூவில் ஒவ்வொரு பன்னிரண்டு மாடிக்கும் இடையே இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடியே கிடையாது. ஒல்லியான கோபுரத்தைக் காற்று உலுக்காமல் ஊடுருவிச் செல்வதற்காகவே அவற்றைத் திறந்து விட்டிருக்கிறார்கள். வேறு கட்டடங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே நெடுக்குக் கோடாகக் கண்ணாடி இல்லாதிருக்கும். அங்கேதான் ஆட்களையும் பொருளையும் ஏற்றும் வெளிப்புற லிஃப்ட் நின்றது. அதைக் கழற்றிய பிறகே அந்தக் கோடு மூடப்படும் என்பதால், பெரும்பாலும் அதுவே கடைசியில் முடியும்.

படத்தில் தேதி எழுதாமை

கேமராவின் கடிகாரத்தை நம்பாமல் கையால் எழுதுங்கள்.

மரத்தைக் கவனியாமல் இடம் பிடித்தல்

ஒரே இடத்தில் நின்று ஒரே லென்ஸில் எடுக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆகஸ்ட் இறுதியில் ஒரு நடைபாதையில் சுண்ணாம்பால் குறியிட்டு நின்றேன். இலையுதிர்த்த ஜக்கராந்தாக் கிளைகளின் ஊடே கோபுரம் முழுதாகத் தெரிந்தது. அக்டோபரில் மரம் பூத்தது, பிறகு தழைத்தது. நவம்பர் மாதப் படங்களில் கட்டடத்தின் அடையாளமாக இலைகளுக்கு மேல் கிரேனின் நுனி மட்டும் இருக்கிறது.