அப்பாவோட பழைய நெட்புக்ல டெபியன் போட்டேன், என் அனுபவம்

பட்டர்வொர்த் வீட்டு அலமாரில அப்பாவோட நெட்புக் ரொம்ப வருசமா தூங்கிக்கிட்டு இருந்துச்சு, சிபியு (ப்ராசஸர்) ஆட்டம் என்270, ரேம் 1 ஜிபி, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுன மிஷின். தூக்கிப் போட மனசே வரல.

பென்டிரைவ்ல லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா ஓடற இலவச சிஸ்டம், டெபியன் அதுல ஒரு வகை) ஏத்தி பூட் பண்ணினா கறுப்பு ஸ்கிரீன்ல ஒரே மெசேஜ்: எக்ஸ்86-64 சிபியு வேணும், இங்க இருக்கறது ஐ686. அதோட நின்னுடும். நான் அதைச் சரியா படிக்காம பென்டிரைவ்தான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாள் மாத்தி மாத்தி ஏத்திக்கிட்டே இருந்தேன், அப்புறம்தான் புரிஞ்சது, என்270 வெறும் 32 பிட், நான் இறக்கினது 64 பிட்.

டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரையே நிறுத்திட்டாங்க, அதனால டெபியன் 12ஓட ஐ386 (32 பிட்) ஃபைல் எடுங்க. அதுல ஃபர்ம்வேரும் (வைஃபை மாதிரி பாகங்கள் ஓடறதுக்கு வேண்டிய ஃபைல்) சேர்ந்தே வருது, வைஃபைக்கு தனியா அலைய வேண்டியதில்ல. டெஸ்க்டாப் லிஸ்ட்ல எல்லா டிக்கையும் எடுத்துட்டு பின்னாடி ஐஸ்டபிள்யூஎம்ங்கற லேசான விண்டோ மேனேஜர் மட்டும் போட்டேன், நோம் மாதிரி கனமான டெஸ்க்டாப் எல்லாம் இதுக்கு தாங்காது.

பிரவுசர் திறந்தா மட்டும் ஹேங். ஸிராம்-டூல்ஸ்னு ஒரு புரோகிராம் போட்டு அதோட செட்டிங்ல பெர்சென்ட் 50 வெச்சேன், மெமரிய ரேமுக்குள்ளயே சுருக்கி வெச்சுக்குது, ஹார்ட்டிஸ்க் கரகரன்னு கத்தறது குறைஞ்சுடுச்சு. அப்புறம் பினாங்கு கொம்தார் கட்டடம் பக்கம் போய் பழைய 2 ஜிபி டிடிஆர்2 ரேம் ஒன்னு 20 வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன், அதுலதான் பெரிய வித்தியாசம் தெரிஞ்சது, முடிஞ்சா இத முதல்ல செய்யுங்க.

இப்ப கோயில் கணக்கெல்லாம் அப்பா அதுலதான் டைப் பண்றாரு. பேட்டரி போயிடுச்சு, சார்ஜர சொருகியே வெச்சிருக்கோம்.