கேபிளும் ஓடிடியும்: மாசச் செலவைக் கட்டுக்குள் வைக்கும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நூல் விலை, சாயப்பட்டறை பில், பீஸ் ரேட் என்று பகல் முழுக்க அடுத்தவர் காசுக்குக் கணக்குப் பார்க்கிறவளுக்கு, சொந்த வீட்டில் டிவி பார்க்க மாசம் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒரு தாளை டிவி பக்கத்தில் ஒட்டி, ஒரு வாரம் குறித்து வாருங்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் அத்தையின் ராஜ்ஜியம். சாப்பாட்டுக்கு அப்புறம் ரிமோட் வீட்டுக்காரர் கைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பையன். பெட்டியில் நூற்றுக்கணக்கில் சேனல் வந்தாலும், அந்தத் தாளில் ஏறுவது அநேகமாகப் பத்துக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் நாம் பார்க்காமலே காசு கொடுப்பவை.

அப்புறம் பில். 2019இல் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது விதி கொண்டு வந்தபோது, வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று சொன்னார்கள். நல்ல விதிதான். ஆனால் நடந்தது வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். பில்லில் மூன்று பகுதி உண்டு. ஒன்று, கம்பி இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம். என்சிஎஃப் என்று போட்டிருப்பார்கள். 2020 முதல் 200 சேனல் வரை இது 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் ஆபரேட்டர் எவ்வளவு போடுகிறார் என்று பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது, இரண்டையும் கூட்டி அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. என்சிஎஃப் 130, நாலு சேனல் தலைக்கு 19 என்றால் 76, ஆக 206. வரியோடு 243 ரூபாய் 8 பைசா. இதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும், எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சிக்கல் முழுக்க இருப்பது பேக்கில்தான், அதாவது பல சேனலை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்குக் கொடுப்பதில். சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, மேலே நாலு பழம் பளபளவென்று, அடியில் இரண்டு நசுங்கினது, அதே வியாபாரம். உங்களுக்கு வேண்டிய சீரியல் சேனலோடு, யாரும் பார்க்காத பாட்டுச் சேனலும் வேற்று மொழிச் சேனலும் சேர்ந்தே வரும். ஆனாலும் பேக் என்றாலே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 ரூபாய்ச் சேனல் ஐந்தைச் சேர்த்து ஒரு பேக் என்று வையுங்கள். தனித்தனியாக எடுத்தால் 95. விதிப்படி 45 சதவீதம் வரைதான் தள்ளுபடி தரலாம், ஆக பேக் 52 ரூபாய் 25 பைசாவுக்குக் கீழே வராது. அதில் இரண்டு சேனல் மட்டும் உங்கள் தாளில் இருந்தால் 38 ரூபாய், தனியாக எடுங்கள். மூன்று இருந்தால் 57, அங்கே பேக்தான் லாபம். ஒவ்வொரு பேக்குக்கும் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிஷம் ஆகாது. ஒவ்வொரு சேனலின் விலையும் டிவித் திரையில் வரும் சேனல் பட்டியலிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. பல பெட்டிகளில் 999ஆம் எண்ணில் ஆபரேட்டரின் தகவல் சேனலும் உண்டு.

பட்டியலோடு கேபிள்காரரிடம் போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணா, இந்த ஆறு சேனல் மட்டும் போடுங்க, பாக்கி பேக்கெல்லாம் எடுத்துருங்க" என்றேன். "அதெல்லாம் தனியா போட முடியாதுங்க அக்கா, பேக்லயே வந்துருதுங்க, எல்லாரும் அதானுங்க போட்டிருக்காங்க" என்றார். இந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள். "போட முடியாதுன்னு எழுதிக் குடுங்க அண்ணா" என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும் மறுநாளே மாற்றிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தெருத்தெருவாக வசூலுக்கு அலைகிறவருக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் என்றால் பெரிய தலைவலிதான். காசு கொடுக்கும்போது ரசீது மட்டும் மறக்காமல் வாங்குங்கள்.

ஹெச்டி பற்றி ஒரு வார்த்தை.  சாதாரணச் சேனலைவிட விலை பொதுவாகக் கூடுதல். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் எடுங்கள். மாமியார் மருமகளை முறைப்பதை ஹெச்டியில் பார்த்து என்ன ஆகப் போகிறது?

செய்திச் சேனலுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. தமிழ்ச் செய்திச் சேனல்கள் முக்கால்வாசி யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. டிவியையும் அரசியலையும் நம் ஊரில் பிரித்துப் பார்க்கவே முடியாது. 2006 தேர்தலில் இலவசக் கலர் டிவி வாக்குறுதி வந்தது, 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது, கட்சிக்கு ஒரு சேனலும் வந்தது. ஓட்டு எண்ணும் நாளில் எதிரெதிர்க் கட்சிச் சேனல் இரண்டை மாற்றி மாற்றி வையுங்கள். எங்கே முன்னிலை நிலவரத்தை விட்டுவிட்டுத் திடீரென்று விவாதத்துக்குப் போகிறார்களோ, அந்தக் கட்சி பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்குச் சந்தா எதற்கு?

ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீட்டுக்கு டிடி ஃப்ரீ டிஷ்ஷையும் யோசிக்கலாம். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது இதுதான். டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மாட்டுவதோடு சரி, மாசக் கட்டணமே கிடையாது. முன்பு பொதிகையாக இருந்த டிடி தமிழ் வரும். சன், விஜய் வராது. சீரியல் பார்க்கிற அம்மா என்றால் இந்த யோசனையை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது நல்லது.

கேபிளில் மிச்சம் பிடிப்பது ஐம்பதோ நூறோ. பெரிய ஓட்டை ஓடிடியில், அதாவது இணையம் வழியாகப் படமும் சீரியலும் காட்டும் செயலிகளில். ஒரு படத்துக்காகச் சேர்ந்திருப்போம், படம் பார்த்து மறந்தே போயிருக்கும், காசு மட்டும் மாசாமாசம் போய்க்கொண்டிருக்கும். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது. மாசாமாசம் தானாகக் காசு எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஆட்டோபே அனுமதி அப்படியே உயிரோடு இருக்கும். உங்கள் யுபிஐ செயலியைத் திறந்து ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போங்கள். யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் வரும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ தேட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி காசு எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். வரும், ஆனால் லோன் வேண்டுமா, லாட்டரி விழுந்ததா என்கிற குப்பைக்கு நடுவில் வரும். அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்ததும் முடிவெடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். 1 ரூபாய்க்கு ஒரு வாரம் என்று யாராவது அழைத்தால், பின் நம்பர் போடும் முன் அதே திரையில் சின்ன எழுத்தில் இருக்கும் அடுத்த தொகையைப் படியுங்கள். ஒரு ரூபாய்க்குத் தூண்டில் போடுகிறவன் மீனை எடுக்காமல் விடுவானா?

எங்கள் வீட்டுச் சட்டம், மாசத்துக்கு ஒரே ஓடிடி. மார்ச் கடைசியில் ஐபிஎல் தொடங்கும்போது ஜியோஹாட்ஸ்டார், லீவு முடிந்ததும் வேறு ஒன்று. தமிழ்ப் படங்கள் பல, தியேட்டருக்கு வந்து நாலு வாரத்திலேயே ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. தீபாவளி, பொங்கலுக்கு டிவியிலேயே போட்டுவிடுவார்கள். பொறுத்தால் பாதிப் படம் கேபிள் காசிலேயே முடிந்துவிடும். மாசச் சந்தா போட்ட அன்றே ரத்தும் செய்துவிடுங்கள். பெரும்பாலான ஓடிடிகளில் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம், அடுத்த மாசம் தானாக எடுக்க மாட்டார்கள். வருஷச் சந்தா மலிவு என்பார்கள். வருஷம் முழுக்கப் பார்க்கிறவருக்குத்தான் மலிவு. பாதியில் அவர்கள் நிபந்தனையை மாற்றினாலும் நாம் மாட்டிக்கொள்வோம். பிரைம் வீடியோவில் 2025 ஜூன் முதல் விளம்பரம் வருகிறது, விளம்பரம் வேண்டாம் என்றால் தனியாகக் கட்ட வேண்டும்.

எந்தத் திரையில் பார்ப்பீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான். டிவியில் வேண்டும் என்றால் 199 ரூபாய்த் திட்டம். அதற்கும் முன்னால் உங்கள் போன் ரீசார்ஜிலோ பிராட்பேண்டிலோ ஏதாவது ஓடிடி சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே காசு கொடுத்த பொருளை மறுபடி கடையில் போய் வாங்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு பில்லில் தகராறு என்றால், முதலில் கேபிள் அல்லது டிடிஹெச் (வீட்டு டிஷ் வழியாகச் சேனல் தரும்) நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள். அங்கே சரியாகாவிட்டால், அடுத்த கட்டப் புகாரைக் கவனிக்கும் அதே நிறுவனத்தின் நோடல் அதிகாரி. டிராய்க்கு நேரடியாக எழுதுவதில் பயன் குறைவு, தனிப்பட்ட பில் தகராறுகளை அவர்கள் தீர்த்து வைப்பதில்லை. அதற்கும் மேல் போக வேண்டும் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். ரசீதையும் புகார் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.