ஒரு கட்டு பீடி சுற்றும் நேரத்தில் கிட்டார் பழகலாம்

டிசம்பர் வந்துவிட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் கிட்டார் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும் வேனில் டிரம் ஏறும்போது ஒரு கிட்டாரும் ஏறிவிடும். ஜனவரி பிறந்ததும் அதே கிட்டார்களில் பாதி பீரோவுக்கு மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் இரண்டே பதில்தான் வரும்: "விரல் வலிக்கு", "கார்ட் மாத்த வரமாட்டேங்கு". பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிடும் விரல் பிடிதான் கார்ட்.

நான் கிட்டார் பழகியது முக்கூடலில், எங்கள் வீட்டுத் திண்ணையில். பக்கத்தில் அம்மா சொளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். ஒரு கட்டுக்கு 25 பீடி. அவள் ஒரு கட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதுதான் என் பயிற்சி நேரமும். கட்டு முடிந்ததும் கிட்டாரை ஓரமாக வைத்துவிடுவேன். கீழே இருப்பதை ஒரே நாளில் செய்து முடித்துவிடாதீர்கள். ஒரு படிக்கு ஒரு வாரம் வைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

படி 1: வாங்குமுன் கம்பியின் உயரம் பாருங்கள்

என் முதல் கிட்டாரை ஜங்ஷனில் ஒரு கடையில் வாங்கினேன். நிறம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளை ஃப்ரெட் என்பார்கள், தலைப் பக்கத்திலிருந்து 1, 2 என்று எண்ண வேண்டும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே பென்சிலே நுழையும் போலிருந்தது. கேட்டதற்கு, "புதுசுன்னா அப்படித்தான் தம்பி, போகப் போகப் படிஞ்சிரும்" என்றார்கள். ஆறு மாதம் பொறுத்தேன். என் விரல்தான் படிந்தது, கம்பி படியவில்லை.

கம்பியின் இந்த உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். 12ஆம் ஃப்ரெட்டில், தடித்த கம்பிக்கு அடியில் பாருங்கள். இரண்டு புது ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி நுழைத்தால் தளர்வாகப் போய்வருகிறதா? அப்படியென்றால் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, புதியவருக்கு அது தண்டனை. குறைத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு கிட்டார் கேளுங்கள். ஸ்டீல் கம்பி என்றால் 10 அல்லது 11 கேஜ் (கம்பியின் பருமன்) மெல்லிய செட் போடச் சொல்லுங்கள். நைலான் கம்பி விரலுக்கு இன்னும் இதம்.

இன்னொன்று: நம் ஊர் வெயிலில் கிட்டாரை மச்சிலோ மூடிய காருக்குள்ளோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். பசை இளகி, கம்பியின் இழுப்பில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பெயர்ந்துவிடும். என்னுடையது அப்படித்தான் போனது.

படி 2: சுருதி

மொத்தம் ஆறு கம்பிகள். தரைக்கு அருகில் இருக்கும் மெல்லிய கம்பிதான் 1. உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கும் தடித்த கம்பி 6. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஒரு வாரத்தை வீணாக்கியவர்கள் பலர். தடித்ததிலிருந்து வரிசை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. முதலும் கடைசியும் ஒரே சுரம்தான், இரண்டு ஸ்தாயி இடைவெளி.

மொபைலில் இலவச ட்யூனர் ஆப் இருக்கிறது. முதல் மாதம் அதையே நம்புங்கள். ஆனால் காதும் பழக வேண்டும். அதற்கு எங்கள் திண்ணையில் கிடைத்த ஒரு வழி: நறுக்கிப்போட்ட பீடி இலையில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்து மடித்து, 5ஆம் கம்பியின் நடுவில் குதிரை ஏற்றுவதுபோல் உட்கார வையுங்கள். 6ஆம் கம்பியை 5ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால், நீங்கள் தொடாத அந்த 5ஆம் கம்பி தானே அதிர்ந்து இலையை ஆட்டும், சில சமயம் தள்ளியே விடும். சுருதி விலகியிருந்தால் இலை சும்மா உட்கார்ந்திருக்கும். பீடி இலைக்குப் பதில் பஸ் டிக்கெட் துண்டும் போதும்.

இப்படியே 5ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி அடுத்தடுத்த கம்பிக்குப் போகலாம். 3இலிருந்து 2க்குப் போகும்போது மட்டும் 4ஆவது ஃப்ரெட்.

படி 3: அழுத்துவது

ஒரே ஒரு கம்பியில் ஒரே ஒரு ஃப்ரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி ஃப்ரெட் பட்டிக்கு மேலே ஏறக் கூடாது. அதை ஒட்டி, பின்னால், அதாவது தலைப் பக்கமாக இருக்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் இரண்டு மடங்கு அழுத்த வேண்டிவரும், அப்போதும் 'ஜிர்' என்று கரகரக்கும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கட்டைவிரல் கிட்டார் கழுத்துக்குப் பின்னால் சும்மா சாய்ந்திருந்தால் போதும்.

இப்போது மீட்டிக்கொண்டே பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஓர் இடத்தில் சத்தம் கரகரக்கும். அதற்கு ஒரு மயிரிழை முன்னால் இருந்த அழுத்தம்தான் தேவையான அழுத்தம். நாம் அநேகமாக அதைப்போல் மூன்று மடங்கு நசுக்கிக்கொண்டிருப்போம். அம்மா ஒருநாள் என் விரலைப் பார்த்துவிட்டு, "எய்யா, அதை ஏன் அந்த நொறுக்கு நொறுக்குத? பூ மாதிரி புடி. மொதல்ல சுத்து ஒழுங்கா வரட்டும், வேகம் எங்க போவப் போவுது" என்றாள். கிட்டாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இலையை அழுத்திச் சுற்றினால் கிழியும், தளர்த்திச் சுற்றினால் தூள் கொட்டும் என்று தெரியும்.

வலி? இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் விரல்நுனி காய்த்துவிடும். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு மட்டும் உட்காராதீர்கள், தோல் ஊறி இருந்தால் கம்பி அறுத்துவிடும்.

வலிக்கிறது என்று விடத் தோன்றும்போது டோனி அயோமியை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர், பர்மிங்ஹாமில் 1948இல் பிறந்தவர். 17 வயதில் தகர ஆலையில் வேலை பார்த்த கடைசி நாளன்று இயந்திரத்தில் மாட்டி, வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளை மாட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய கம்பி போடுவது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

படி 4: அதிகம் நகராமல் நான்கு கார்ட்

அநேகம் பேர் முதலில் ஜி, சி, டி என்று ஆரம்பித்து வைப்பார்கள். மூன்றும் மூன்று திசை. விரல்கள் ஒவ்வொரு தடவையும் கம்பியை விட்டு எழுந்து இடம் தேடும். நான் சொல்லும் வரிசையில் ஒவ்வொரு மாற்றமும் சின்ன நகர்வுதான்.

ஈ மைனர்: நடுவிரல் 5ஆம் கம்பியில் 2ஆம் ஃப்ரெட், மோதிரவிரல் 4ஆம் கம்பியில் அதே 2ஆம் ஃப்ரெட். ஆறு கம்பியையும் வருடுங்கள். வேறு விரல்களில் பிடிக்கச் சொல்லித் தந்திருந்தாலும் இப்போதைக்கு இப்படியே பிடியுங்கள். காரணம் அடுத்த வரியில் இருக்கிறது.

ஈ மேஜர்: இருக்கும் விரலை எடுக்காமல், ஆள்காட்டி விரலை 3ஆம் கம்பியில் முதல் ஃப்ரெட்டில் வையுங்கள். அவ்வளவுதான். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் வாசித்துக் கேளுங்கள். ஒரு விரல் இறங்கினதும் மூஞ்சி தூக்கி வைத்திருந்த சத்தம் சிரித்துவிடுகிறது. ஈயை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் நடந்தது இதுதான்: சாதாரண காந்தாரம் இருந்த இடத்துக்கு அந்தர காந்தாரம் வந்துவிட்டது. பாட்டுப் படித்தவர் வீட்டில் இருந்தால் பாடிக் காட்டச் சொல்லுங்கள், மைனருக்கும் மேஜருக்கும் உள்ள வித்தியாசம் அதன்பின் மறக்காது.

ஏ மைனர்: ஈ மேஜரின் அதே வடிவத்தைக் கலைக்காமல் மூன்று விரலையும் தரைப் பக்கமாக ஒரு கம்பி இறக்குங்கள். ஆள்காட்டி 2ஆம் கம்பிக்கும், நடுவிரல் 4ஆம் கம்பிக்கும், மோதிரவிரல் 3ஆம் கம்பிக்கும் வரும். 6ஆம் கம்பியை விட்டுவிட்டு 5இலிருந்து வருடுங்கள்.

சி: மோதிரவிரல் ஒன்று மட்டும் எழுந்து 5ஆம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட்டுக்குப் போகிறது. மற்ற இரண்டும் அசையாது. இதிலும் 5ஆம் கம்பியிலிருந்துதான்.

சியிலிருந்து நேராக ஈ மைனருக்குத் தாவாதீர்கள், நடுவிரலும் மோதிரவிரலும் முட்டிக்கொள்ளும். மாடிப்படியில் ஏறியவர் இறங்குவதுபோல வந்த வழியே திரும்புங்கள்: சி, ஏ மைனர், ஈ மேஜர், ஈ மைனர். ஏ மைனரில் அழுத்தமாக முடித்துப் பாருங்கள், அதற்கு முன் ஈ மேஜரில் ஏதோ பாக்கி இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

படி 5: வலது கை நிற்கக் கூடாது

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, எண்ணுக்கு ஒரு தடவை கீழ்நோக்கி வருடுங்கள். நிமிடத்துக்கு 60, கடிகார நொடி முள்ளின் வேகம். நான்கு எண்ணுக்கு ஒரு கார்ட். மாற்ற நேரமாகிவிட்டதா? விரல் இன்னும் போய்ச் சேரவில்லையா? பரவாயில்லை, வெறும் கம்பியை அடியுங்கள். கை மட்டும் நிற்கக் கூடாது. தப்பான கார்டைக் கூடக் கேட்பவர் மன்னித்துவிடுவார், தாளம் அறுந்தால் பாடுகிறவர் தடுக்கி விழுவார்.

இது பழகியபின் அதே நான்கு எண்ணுக்குள் டவுன் (கீழ்நோக்கி), டவுன், அப் (மேல்நோக்கி), அப், டவுன், அப். மணிக்கட்டிலிருந்து ஆட்டுங்கள், முழங்கையிலிருந்து அல்ல. மூன்றாவது எண்ணில் கை கீழே இறங்கும், ஆனால் கம்பியைத் தொடாது. அந்த வெற்று வீச்சு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிக் (கம்பியை மீட்டும் சில்லு) எதுவாக இருந்தாலும் சரி. குயின் ராக் குழுவின் பிரையன் மே ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். 1963இல் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பு மரத்திலிருந்து அவர் செய்யத் தொடங்கிய கிட்டார்தான் அவர் கையில் நாம் பார்ப்பது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்லருக்குப் பிக்கே வேண்டாம், வெறும் விரல்தான். அவர் இடது கைப் பழக்கமுள்ளவர், ஆனால் வலது கைக்காரர்போலப் பிடிக்கிறார். கிட்டாரைத் திருப்பிப் பிடிக்கலாமா என்று கேட்கும் இடது கைப் பிள்ளைகள் இரண்டு விதமாகவும் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

படி 6: கேட்பது

பயிற்சிக்கு வெளியே தினம் ஒருவரைக் கேளுங்கள். வேகத்துக்காக அல்ல, வலது கை எங்கே சும்மா இருக்கிறது என்று கவனிக்க. என் பட்டியல் ரொம்பச் சின்னது. இசையமைப்பாளர் ஆகுமுன் சலில் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்தவர் இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவர் பாட்டில் கிட்டார் மட்டும் தனியாகக் காதில் விழும்படி ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அப்புறம் ஆங்கிலேய ஜாஸ் கிட்டார்காரர் ஜான் மெக்லாலின். இந்திய இசைக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய சக்தி குழுவுக்காக, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த ஒரு கிட்டாரைச் செய்யச் சொல்லி வாங்கினார், வீணைபோலக் கம்பியை வளைத்துக் கமகம் கொண்டுவர. அவர் வீணை கற்றதே கர்நாடக இசை வித்வான் எஸ். ராமநாதனிடம். கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னாவைக் கேட்டால், இந்தப் பெட்டியில் இதுவும் வருமா என்று கொஞ்ச நேரம் வாயடைத்துப் போவீர்கள்.

ஒரு மாதம் கழித்து ஜி, டி இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப் பற்றி இப்போது யாரும் வாய் திறக்க வேண்டாம். ஒரு விரலை ஆறு கம்பியிலும் படுக்க வைக்க வேண்டும், அதற்கு இன்னும் நிறையக் கட்டு பாக்கி இருக்கிறது.